கீழ்க்கம்பியில் மூன்று இழுப்பு

ஐப்பசி 5, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கொல்லைக் கதவு ஊறிப்போய் மூடமாட்டேன் என்கிறது.

வேலை: ஆவடிப் பட்டாள முகாம் சட்டைகளில் பொத்தான். காலர் இரண்டு பிரித்துத் தைப்பது. உலர்ந்த விறகு தேடுவது. பெரிய பிடிலுக்குப் புது உறை (பழையதில் கரையான்).

தெருக்கோடி வீட்டுப் பையன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கிவிட்டான். நசரத்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் கடிதமாம். ஜப்பான் சண்டை முடிந்து இரண்டு மாசம் ஆகிறது. ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று வருகிறது. எனக்கு ஒரு காகிதத் துண்டு இல்லை.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் போய் நாலு வருஷம். ஓட்டல் பேண்டில் பிடில் வேலை. அங்கே சின்னப் பிடில்தான் வேண்டுமாம், பெரியது வேண்டாமாம். பெரியதை என்னிடம் விட்டுப் போனார். சீமையில் அதற்கு வயோலா என்று பேர். எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் அதற்குப் பேர் பெரிய பிடில், அவ்வளவுதான்.

தபால்காரன் தெருவில் வந்ததும் வாசலுக்கு ஓடினேன். அஞ்சலை அக்கா உள்ளேயிருந்து கத்துகிறாள்: "இன்னாமே, அவனை அப்டிப் பாத்துகினு நிக்கிறே? அவன் இன்னா உன் மாமன் மவனா?"

அவருடைய சொந்த அக்கா. அவளுக்கும் பார்க்க ஆசைதான். என்னைக் கேலி பண்ணிவிட்டு அவளும் எட்டிப் பார்த்தாள்.

ஐப்பசி 8, புதன்

அஞ்சலை அக்காவின் வாயைத் தைக்க ஊசி உண்டா என்று தையல் கொட்டகை மேஸ்திரியைக் கேட்கவேண்டும்.

ஆவடி முகாமில் பென்டன் துரை என்று ஒரு கேப்டன். கணக்கு எழுதும் பிரிவு. அவர் ஊரில் வாத்தியங்களுக்குப் பாட்டு எழுதுகிறவராம். வயோலா ஒன்று கிடைக்குமா என்று பட்டணம் பூராவும் ஆள் விட்டுத் தேடியிருக்கிறார். நம் அஞ்சலை அம்மாள் முகாம் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எங்க ஊட்டுல ஒண்ணு கீதே" என்றிருக்கிறாள். மத்தியானம் துரையின் குமாஸ்தா சாமுவேல் என் தையல் மிஷின் எதிரே வந்து நின்றார். பூந்தமல்லிக்காரர், மாதா கோயிலில் பாடுகிறவர், வெள்ளைக்காரர்கள் கோடு போட்டு எழுதும் சங்கீதம் படிக்கத் தெரிந்தவர்.

"தேவகிம்மா, துரை வயோலாவுக்குன்னே ஒரு பாட்டு எழுதி வச்சிருக்காரு. வயோலா தனியா முன்னால நிக்கும், நாலு பிடிலும், அதைவிடப் பெரிசா செல்லோன்னு ஒண்ணும் பின்னால வரும். ஆறு நிமிசம். ஆனா வாத்தியமும் இல்ல, வாசிக்க ஆளும் இல்ல. இரவலாக் குடுங்க, கண்ணு மாதிரி வச்சுக்குவாரு."

"இரவல் குடுக்கறதில்ல" என்றேன்.

"ரேடியோவுல போவுதும்மா. மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் கீறவங்க கேக்கறதுக்குன்னு தனி நிகழ்ச்சி. கார்த்திகை ஏழு, வியாழக்கிழமை."

வாயில் நூல். கடித்த இடத்தில் உதடும் சேர்ந்து வெட்டுப்பட்டது.

"நான் வாசிக்கறேன்" என்றேன். எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? அப்பாவிடம் பிடில் கற்றது பதினாறு வயசு வரை. அதற்குப் பிறகு கல்யாணமாகி அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது. சபை, கச்சேரி ஒன்றும் பார்த்ததில்லை. சாமுவேல் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். துரையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

அவர் உயிரோடு எங்கேயாவது இருந்தால், அங்கே ஒரு ரேடியோ இருந்தால், அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்தால். மூன்று 'ஆல்'. இருக்கட்டும்.

ஐப்பசி 11, சனி

துரை சரி என்றுவிட்டார். வேறு வழி இல்லை அவருக்கு.

முகாம் கூடத்தில் முதல் ஒத்திகை. பெ. துரை: ஒல்லி, காது இரண்டும் சிவப்பு, பேசும்போது பென்சிலைக் கடிக்கிறார். வாசிக்கிற சிப்பாய்கள் ஐந்து பேர், நாற்காலிகளில். நான் கொண்டுபோன பாயை விரித்துக் கீழே உட்கார்ந்தேன். காலை நீட்டி, பிடில் தலையைக் கணுக்கால்மேல் வைத்ததும் ஒரு சிப்பாய் பக்கென்று சிரித்தான். தாடையில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார முடியுமா என்று துரை சாமுவேல் மூலமாகக் கேட்டார். முடியாது என்று நானே தலையாட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

கோடு போட்ட காகிதம் எனக்குத் தெரியாது. சாமுவேல் அதைப் பார்த்து ச ரி க ம என்று எழுதிக் கொடுத்தார்.

ஆரம்பத்திலேயே சண்டை. துரை கையைத் தூக்குகிறார். நான் கீழ்க்கம்பியை மூன்று தரம் இழுக்கிறேன். சின்னதாக ஒன்று, இன்னொரு சின்னது, அப்புறம் நீளமாக ஒன்று. "நோ, நோ!" மறுபடி கையைத் தூக்குகிறார். மறுபடி என் கை அதையே செய்கிறது. நாலு தரம்! என் கைதான், நான் சொன்னால் கேட்கவில்லை.

சுருதி பார்க்காமல் எப்படி ஆரம்பிப்பது? எங்கள் பக்கம் யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை. அதிலும் என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். நாடகக் கம்பெனியில் இருந்த காலத்திலிருந்தே, கம்பி நாலும் சரியாக இருந்தாலும், தடித்த கம்பியைக் குட்டை, குட்டை, நெட்டை என்று மூன்று இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வாசிப்பார். கல்யாணமான புதிதில் கேலி செய்வேன். எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

பாட்டு? ராகம் ஒன்றும் இல்லை. தோடி என்று பிடித்தால் நழுவுகிறது. தாளமும் கையில் நிற்கவில்லை. வயோலா மேலே ஏறும், பாதியில் நிற்கும், சொல்ல வந்ததை மறந்தவர் மாதிரி. மற்றவர்கள் அடியில் மெல்ல இழுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். மறுபடி முதலிலிருந்து ஏறும். முதலில் எரிச்சல். வீட்டுக்கு நடக்கும்போது அந்த ஏறுகிற இடத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ஐப்பசி 14, செவ்வாய்

கத்தரிக்காய் எல்லாம் புழு. மழை விட்டபாடில்லை.

இன்னொரு குளறுபடி. துரையின் காகிதப்படி என் கம்பிகள் கீழே இரண்டும் சரி, மேலே இரண்டும் ஒரு ஸ்வரம் இறங்கி இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் கூட்டும் விதம் வேறு, நாம் கூட்டும் விதம் வேறு. ஏற்றிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் கூட்டி வைத்துவிட்டுப் போன மாதிரியேதான் இருக்கும். நாலு வருஷமாகக் கம்பி மாற்றினாலும் அதே சுருதிக்குத்தான் கூட்டுகிறேன்.

துரை பென்சிலைக் கடித்தார். பிறகு எனக்கு வரும் இடங்களை எல்லாம் மாற்றி எழுத உட்கார்ந்தார்.

திரும்பும்போது சாமுவேல் சொன்னது: "யாருக்காக எழுதினாருன்னு தெரியுமா? அவரோட சிநேகிதருக்கு. அவருதான் வயோலா வாசிக்கிறவரு. கப்பல்ல குண்டு விழுந்து, ஆளும் போயி வாத்தியமும் போச்சு. அதான் துரை பித்துப் புடிச்ச மாதிரி வயோலா தேடினாரு."

அந்த மனுஷனை இரண்டு நாளாக வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. என் கதையையும் சாமுவேலிடம் சொன்னேன், மூன்று இழுப்பு உட்பட.

ஐப்பசி 19, ஞாயிறு. தீபாவளி

எண்ணெய்க் குளியல். புதுப் புடவை இல்லை. அதிரசம் பிய்ந்து எண்ணெயில் கரைந்துவிட்டது, அக்கா என்னைத் திட்ட, நான் வெல்லத்தைத் திட்ட.

ஐயப்பன்தாங்கலிலிருந்து அவருடைய சித்தப்பா வந்தார். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாலு வருசம் ஆச்சு. வர்றவன் வந்திருப்பான். செய்ய வேண்டிய காரியத்தைச் செஞ்சிட்டா அவன் ஆத்துமாவும் சாந்தியாவும். இந்தப் பொண்ணும் எத்தினி நாளு பொட்டு வச்சுகினு தெருவைப் பாக்கும்?" என்றார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா விட்டாளே ஒரு சத்தம்: "நைனா, தீவாளியும் அதுவுமா எந்தம்பிக்குக் கருமாதி பேசறியா? துன்ன சோறு செமிக்கலைன்னா கொல்லைப்பக்கம் நடந்துட்டு வா. அவன் பொண்டாட்டி ரேடியோவுல அவனைக் கூப்படப் போறா, தெரியுமா உனக்கு?"

சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ஆனால் அவர் போனதும் அடுப்படியில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலே இறங்கிவிட்டது. "ஏண்டி, வருவானா அவன்?"

தெரியாது அக்கா என்றேன். இரண்டு பேரும் பிய்ந்த அதிரசத்தைத் தின்றோம்.

அவர் வேண்டும் எனக்கு. சாந்தியும் வேண்டாம், காரியமும் வேண்டாம். முதுகைச் சொறிந்துகொண்டு, காப்பி ஆறிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டு, இந்த அறையில் இருக்கவேண்டும்.

ஐப்பசி 25, சனி

துரை இன்று புதுக் காகிதம் நீட்டினார். சாமுவேல் முகமெல்லாம் பல். முதல் வரிக்கு முன்னால் ஒரு புது வரி. வயோலா மட்டும், கீழ்க்கம்பி, விரல் வைக்காத வெறும் கம்பி. குட்டை, குட்டை, நெட்டை.

எழுதிவிட்டார்! பாட்டே இப்போது அதில்தான் ஆரம்பம்.

துரை என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சா. மொழிபெயர்த்தது: "இனிமே நீங்க செய்யறது தப்பு இல்ல, செய்யாம வுட்டாத்தான் தப்பு."

முந்தானையால் பிடிலைத் துடைத்தேன், ஏற்கெனவே துடைத்ததைத்தான்.

கார்த்திகை 3, ஞாயிறு

எடுத்துப்போக: பாய். இரண்டு மாற்றுக் கம்பி. வில்லுக்குப் பூசும் பிசின். துடைக்கத் துணி. சாக்கட்டி (பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதுவது, வாங்கவேண்டும். மழைக்காலத்தில் கம்பி முறுக்கும் பிருடை நழுவும், சாக்கட்டி தடவு, சாக்கட்டி தடவு என்று அவர் ஓயாமல் சொல்லுவார்).

ரேடியோவில் சொந்த சேதி எதுவும் சொல்லக்கூடாதாம். இன்னாருக்காக இன்னார் என்று பெயர்கூடச் சொல்லமாட்டார்களாம். சா. கேட்டுப் பார்த்துவிட்டார், சட்டம் அப்படி. அப்படியென்றால் அந்த மூன்று இழுப்புதான் என் கடிதம்.

சோற்றைத் தள்ளி வைத்தேன். அக்கா: "வவுறு காஞ்சா வில்லு எப்டிமே இழுக்கும்? துன்னு."

கார்த்திகை 8, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதுகிறேன். நேற்று எழுதக் கை வரவில்லை.

ஆவடியிலிருந்து ரயில். ஒரே மழை, பெட்டிக்குள்ளேயே ஒழுகல். பிடிலைப் புடவைத் தலைப்பால் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். சென்ட்ரலிலிருந்து ரேடியோ நிலையம் வரை துரையின் ஜீப். முதல்முதல் ஜீப். அதை அனுபவிக்கக்கூட முடியவில்லை.

கதவெல்லாம் கனமான திரை. தொங்கும் மைக். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், நிலையத்து ஆள். ஒத்திகையில் என் மூன்று இழுப்பைக் கேட்டதும் உள்ளே வந்துவிட்டார்.

"சுருதி கூட்றதெல்லாம் முன்னாடியே முடிச்சுக்கணும்மா. சேப்பு விளக்கு எரிஞ்சதும் நேரா பாட்டு."

"அதுதான் பாட்டு" என்றேன்.

அவர் துரையைப் பார்த்தார். துரை காகிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டி முதல் வரியை விரலால் தட்டினார். அந்த ஆள் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

ஐந்தரை மணி. சிவப்பு விளக்கு.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்றாவது, நெட்டை. பாதியில் கம்பி இறங்குகிறது! ஈரத்தில் பிருடை நழுவிவிட்டது. சாக்கட்டி வாங்க மறந்த பாவி நான். யோசிக்க நேரமில்லை. வில்லை நிறுத்தாமல், இடது கையைக் கணுக்கால் பக்கம் கொண்டுபோய்ப் பிருடையைத் திருகி, கம்பி மேலே ஏறி, ஏறி, சரியான இடத்தில் வந்து உட்காரும்வரை இழுத்துக்கொண்டே இருந்தேன். ஊர் உலகமெல்லாம் அந்த வழுக்கலைக் கேட்டது. துரையின் முகம் வெள்ளைத்தாள்.

பிறகு ஆறு நிமிஷமும் வாசித்தேன். ஒரு இடம்கூடத் தப்பவில்லை. அந்த ஏறி நிற்கும் இடத்தில் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். கேட்கிறதா, கேட்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் நினைவில் இல்லை.

விளக்கு அணைந்ததும் அழுதேன். ஆரம்பத்தைக் கெடுத்துவிட்டேனே! அவருக்குத் தெரிய வேண்டிய இடமே அதுதான், அதையே கெடுத்துவிட்டேன். சா. "ஒண்ணும் கெடல, விடும்மா" என்றார். துரை தன் கைக்குட்டையைக் கொடுத்தார். துவைத்துத் தரவேண்டும்.

கார்த்திகை 12, செவ்வாய்

துரைக்குக் கப்பல் வந்துவிட்டது. முகாமில் பாதி காலி.

கைக்குட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அவர் பாட்டின் நகல் ஒன்று கொடுத்தார். மேலே பெயர். சாமுவேல் படித்துச் சொன்னார்: 'உட்கார்ந்து வாசிக்கும் வயோலாவுக்கு'. ஐந்து சிப்பாய்களும் வரிசையாகக் கை குலுக்கினார்கள், முதல் நாள் சிரித்தவன் உட்பட.

கடைசியில் துரை தயங்கித் தயங்கிக் கேட்டார்: பெரிய பிடிலைத் தன்னோடு எடுத்துப்போக விடுவேனா? தன் ஊரில் இந்தப் பாட்டை அதே வாத்தியத்தில் கேட்க ஆசையாம். செத்துப்போன சிநேகிதருடைய அம்மா வந்து கேட்பாராம்.

அந்த அம்மாளை நினைத்தேன். மனசு இளகியதுதான். இருந்தாலும் முடியாது என்றேன். "உடையவர் வந்து கேட்டால் என்ன சொல்லுவேன்?" என்று சாமுவேலைச் சொல்லச் சொன்னேன். துரை தலையை ஆட்டினார். அவர் காது இன்னும் சிவந்தது. நல்ல மனுஷன், நன்றாக இருக்கட்டும்.

கார்த்திகை 17, ஞாயிறு

தபால் இல்லை (ஞாயிறு, எப்படி வரும்? இருந்தாலும் பார்த்தேன்).

கார்த்திகை 21, வியாழன்

தபால் இல்லை. தையல் கொட்டகையை மூடப்போகிறார்களாம். அக்காவுக்குக் காலில் நீர். பெரிய பிடிலைத் தொடவில்லை, தொடப் பிடிக்கவில்லை. சித்தப்பா தை மாசம் மறுபடி வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காரியத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு வருவார்.

கார்த்திகை 28, வியாழன்

வந்துவிட்டது.

எழுத்து கோணல். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அரைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரன் வாசலில் நின்றே கூப்பிட்டான். "தேவகியம்மா! சிங்கப்பூரு!" மாவுக் கையோடு ஓடினேன். உறையில் அவர் எழுத்து. அவருடைய வளைந்த 'தே'. அக்கா, "படிமே, படிமே, ஏன் கல்லு மாதிரி நிக்கிறே" என்று என்னைப் பிடித்து உலுக்குகிறாள்.

கடிதத்தை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். தொலைந்துபோனாலும் இருக்கட்டும்.

"தேவகிக்கு. சண்டை முடிந்ததுமே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அங்கே புண் வந்து இடது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். பிடில்காரனாகப் போனவன், வாசிக்க முடியாதவனாக வந்து நின்றால் நீ என்ன செய்வாய்? செத்தவன் கணக்கிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு வியாழக்கிழமை இங்கே ஆஸ்பத்திரியில் ரேடியோ வைத்தார்கள். கீழ்க்கம்பியில் மூன்று இழுப்பு. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சே, யாரோ என்று மறுபடி படுக்கப் போனேன். மூன்றாவதில் கம்பி இறங்கிற்று. நிறுத்தாமல் முறுக்கி ஏற்றினாய். மழைக்காலத்தில் அந்தப் பிருடை ஒன்றுதான் அப்படி நழுவும். சாக்கட்டி தடவு என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்? பக்கத்துக் கட்டில்காரனிடம், அது என் பெண்டாட்டி என்றேன். ஜுரம் ஏறிவிட்டது என்று நர்ஸைக் கூப்பிட்டான். பாட்டு எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் முடியும்வரை எழுந்து உட்கார்ந்துதான் கேட்டேன்.

தை மாசம் கப்பல் என்கிறார்கள். வருகிறேன், வரலாமா என்று எழுது. ஒன்று மட்டும். பெரிய பிடிலை வாசிக்கிறவர் யாருக்காவது கொடுத்துவிடு. அதைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது."

அக்கா தரையில் உட்கார்ந்து, "எந்தம்பி கீறான், எந்தம்பி கீறான்" என்று சொல்லிக்கொண்டே அழுகிறாள். அழுகைக்கு நடுவில், "சித்தப்பன் வரட்டும், அவனுக்குக் கீது" என்கிறாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம். வரலாமாவாம்! மூன்று விரலுக்காக என்னை நாலு வருஷத்துக்கு மேலேயும் காக்க வைத்திருப்பார் இந்த மனுஷர். கொடுத்துவிடவாம். கேப்டன் துரைக்கே கொடுக்காததை!

மாவை மூடி வைத்துவிட்டுப் பெரிய பிடிலை எடுத்தேன். இருபது நாள் தொடாததில் நாலு கம்பியும் இறங்கியிருந்தன. கூட்டினேன். கீழ்க்கம்பியை இழுத்தேன், குட்டை, குட்டை.

அப்போதுதான் பார்த்தேன். இடது கை சும்மா மடியில் கிடக்கிறது.

வெறும் கம்பி. விரலே வேண்டாம். வில் பிடிக்கிறது வலது கை.

பதில் எழுதிவிட்டேன். சாயங்காலத் தபாலில் போகும். எழுதியது இவ்வளவுதான்:

"உடனே வரவும். பிடிலைக் கொடுக்க மாட்டேன். பாட்டில் முதல் மூன்று இழுப்பு உங்களுடையது, துரை காகிதத்திலேயே எழுதியிருக்கிறார், வந்து நீங்கள்தான் இழுக்கவேண்டும். கம்பி இறங்கினால் பிருடை நான் முறுக்குகிறேன். மிச்சத்தை நான் வாசிக்கிறேன்."

நாளை: அக்காவுக்குக் காலில் தடவ எண்ணெய். அரைத்த மாவு ரொம்பப் புளிப்பதற்குள் இட்லி. சாக்கட்டி.